சுடர்க்கொடிக்குப் போர்வை போட்ட மாதம்

வயிறு தெரியக் கூடாது

“இவ வயித்த மூடணும் பாண்டி. சுத்தமா தெரியக் கூடாது.”

எங்கள் முதலாளி செல்வின் அண்ணாச்சி இதைச் சொன்னபோது நான் அவருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன். கை தானாகத் துப்பட்டாவை இழுத்து மடியில் பரப்பிக்கொண்டது. அவர் சொன்னது என்னை அல்ல, மேசைமேல் கிடந்த காமிக்ஸ் பக்கத்தில் பறந்துகொண்டிருந்த பெண்ணை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாரோ என்று அன்று முழுக்கச் சந்தேகப்பட்டேன். எனக்கு அப்போது நான்காம் மாதம். அச்சகத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

காமிக்ஸ் மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் பெண்கள் இப்போது என்னிடம் ஃபான்ட் பற்றியும் சாஃப்ட்வேர் பற்றியும் கேட்கிறார்கள். வசனம் எழுதுகிற ஒரு பலூனுக்குள் எவ்வளவு அடக்கலாம் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். நான் எழுத நினைப்பது யாரும் கேட்காத ஒன்றை. அந்தக் கதைகளில் பறக்கிற, சுவரை உடைக்கிற பெண்கள் பிள்ளை உண்டானால் என்ன ஆகிறார்கள்? அவர்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்குப் பிள்ளை உண்டானபோது என்ன ஆயிற்று? என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. சில இடங்களில் நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அச்சகம் தேனி கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், ஏலக்காய் டப்பா லேபிள் இவைதான் சோறு போட்டன. காமிக்ஸ் அண்ணாச்சியின் ஆசை. பம்பாயில் ஒரு ஏஜென்சி மூலம் அமெரிக்கக் கதைகளின் கறுப்பு வெள்ளைப் பிரதி கூரியரில் வரும். ஒரே ஒரு செட். நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கி, பேஜ்மேக்கரில் அடித்து, பிரிண்ட் எடுப்பேன். அதைப் பலூன் பலூனாகக் கத்தரித்து, ரப்பர் சொல்யூஷன் தடவி, ஆங்கில எழுத்தின் மேலேயே ஒட்டுவோம். பிறகு அந்தப் பக்கம் பாண்டி அண்ணனிடம் டச்சிங்குக்குப் போகும்.

எங்கள் தொழிலில் டச்சிங் என்றால் துணி உடுத்துவது. அமெரிக்காவில் நீச்சல் உடை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு சண்டை போடுபவர்களுக்கு, பாண்டி அண்ணன் இந்தியன் இங்க் தொட்டு முழுக்கால் சட்டை போட்டுவிடுவார். கழுத்தை மேலே ஏற்றுவார். சினிமா பேனர் எழுதிய கை, ஒரு நாளில் ஒரு புத்தகத்தையே மூடிவிடுவார்.

அந்த மாதம் வந்த கதாநாயகிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சுடர்க்கொடி. உள்ளங்கையிலிருந்து ஒளி பாய்ச்சுவாள். எங்களிடம் அதிகம் விற்பவள் அவள்தான். அந்தக் கதையில் அவளுக்கு நிறைமாதம்.

“எத வச்சு மூட, அண்ணாச்சி? பறக்குற பொம்பளைக்குச் சேலையா கட்ட முடியும்?” என்று கேட்டார் பாண்டி அண்ணன்.

“போர்வையப் போடு. முதுகுல தொங்குதுல்ல, அத முன்னாடி கொண்டா.”

“குளிர்க்காய்ச்சல்காரி மாதிரி இருக்குமே.”

“இருந்துட்டுப் போகுது. ஆஸ்டல் பயலுக வாங்குற பொஸ்தகம். வயித்தத் தள்ளிக்கிட்டு ஒருத்தி நின்னா வார்டன் உள்ள விடுவாரா?”

பாண்டி அண்ணன் ஒத்துக்கொண்டார். ஆனால் அவருக்குக் காரணம் வேறு. “அதுவும் சரிதான். வயித்துப்புள்ளக்காரிய ஊரு பூரா பாக்குற மாதிரி அச்சடிச்சு விட்டா கண்ணு பட்டுப்போகும்.”

“படத்துல இருக்குறவளுக்குக் கண்ணு படுமாண்ணே?” என்று கேட்டேன்.

“யாருக்கோ படும் தாயி” என்று சொல்லிவிட்டு அவர் பிரஷ்ஷை மையில் நனைத்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எனக்கு அன்று ஒரு யோசனை.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “ஜெயா, நீயும் வார்த்தையப் பாத்துக்க. கர்ப்பம், மாசம்னு எதுவும் வரக் கூடாது. மேலுக்கு முடியலன்னு போட்டுரு.”

போட்டேன். தமிழில் சுடர்க்கொடி தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டு, “நண்பர்களே, எனக்கு உடல்நலம் சரியில்லை” என்கிறாள். அவர்கள் கைதட்டிச் சிரித்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். படத்தை மாற்ற முடியாதே.

அலமாரியில் கர்ப்பிணிகள்

நான் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பைண்டிங்கில் முருகேஸ்வரி அக்கா என்று ஒருவர் இருந்தார். அவர் பிரசவத்துக்குப் போகும்போது அண்ணாச்சி, “நல்லபடியா பெத்துட்டு வா, ஒன் எடம் அப்படியே இருக்கும்” என்று அனுப்பிவைத்தார். இடம் அப்படியேதான் இருந்தது. அதில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி பொல்லாதவர் இல்லை. மாதம் முழுக்க மடித்துக் கட்டுகிற வேலை காத்திருக்காது என்றார். முருகேஸ்வரி அக்கா ஜவுளிக்கடைக்குப் போய்விட்டார்.

எனக்குப் போக வேறு இடம் கிடையாது. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவள். பி.எட். படிக்கவில்லை. தேனியில் கதை படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் தருகிற நாற்காலி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்ததும் கம்பம் தாண்டி இருக்கிற கூடலூருக்கு, அம்மா வீட்டுக்குப் போயாக வேண்டும். தேனியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே எத்தனை மாதமோ. திரும்பி வரும்போது அந்த நாற்காலி எனக்கு இருக்குமா? என் கவலை முழுக்க அதுதான். என் கணவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். அவரிடம் சொன்னால், “மொதல்ல பிள்ள நல்லபடியா பெறக்கட்டும்” என்பார். அது பதில் இல்லை. அதற்கு எதிராகப் பேசவும் முடியாது.

அண்ணாச்சியின் அறையில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. சாப்பாட்டு இடைவேளைகளில் அவற்றை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தேன். இந்தப் பெண்களுக்குப் பிள்ளை உண்டானால் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குமட்டலுக்கு என்ன செய்கிறார்கள் என்றுகூடப் பார்த்தேன். ஒருத்தியும் வாந்தி எடுக்கவில்லை. ஒருத்திக்கும் கால் வீங்கவில்லை. நிறைமாதத்தில்கூட வயிறு மட்டும் பந்து போல முன்னால் இருக்க, மற்ற எல்லாம் முன்பு போலவே இருந்தன.

ஒருத்தி ஒரு இதழில் உண்டாகிறாள், அடுத்த இதழில் பெறுகிறாள். அதற்கடுத்த இதழில் அந்தப் பிள்ளை தாடி வைத்துக்கொண்டு வந்து அவளோடு சண்டை போடுகிறான். இன்னொருத்திக்கு வேற்றுக் கிரகத்து ஆள் ஒருவன் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவளைக் கேட்டுக் கொடுத்தானா என்று ஒரு பக்கத்திலும் இல்லை. கூட்டாளிகள் வாழ்த்துச் சொல்கிறார்கள். மூன்றாமவளுக்கு மாதம் ஏற ஏறச் சக்தி கட்டுக்கடங்காமல் போய் ஊரே இடிகிறது. “உன் நல்லதுக்குத்தான்” என்று சொல்லி அவளைக் கண்ணாடி அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். நான்காமவள் பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டு படக்கட்டம் அழுகிறாள். அவள் வேதனை தாங்காமல் நண்பன் ஒருவன் மந்திரத்தால் அவள் நினைவையே அழித்துவிடுகிறான். அடுத்த மாதம் ஒட்டிய வயிற்றோடு பறக்கிறாள்.

இந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் அதே கூட்டத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் ஒரு இதழ்கூட விடாமல் பறந்துகொண்டிருந்தார்கள். சரி, பிள்ளை வளர்த்த அம்மாக்களாவது இருப்பார்களா என்று கதாநாயகர்களின் அம்மாக்களைத் தேடினேன். பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே இறந்திருந்தார்கள். மகன் வீரனாக ஒரு காரணம் வேண்டும் அல்லவா.

என்னை அதிகமாகப் பயமுறுத்தியது வேறு. பிள்ளை பெற்று விலகியவளின் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வருவாள். அதே பெயர். அதே உடுப்பு. அளவு மட்டும் சிறியது. வாசகர்களும் அவளையே பழைய பெயரில் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தேன். எல்லாம் ஆண்கள் போலத்தான் இருந்தது. பிறகு, வெளிநாட்டுப் பெயரில் ஆண் எது பெண் எது என்று எனக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. விட்டுவிட்டேன். முழுதாக விடவில்லை.

அடுத்த வாரம் அண்ணாச்சி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். “இது ரேவதி. சின்னமனூர்ப் புள்ள. கம்ப்யூட்டர் கிளாஸ் முடிச்சிருக்கு, இங்கிலீஷும் வரும். ஒன் பக்கத்துல ஒக்காந்து பழகட்டும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“சும்மா, ஒத்தாசைக்கு.”

ரேவதி என்னைப் பார்த்து, “அக்கா, நான் ஸ்கூல்ல படிக்கையிலருந்து ஒங்க சுடர்க்கொடிய விடாம படிக்கிறேன்க்கா” என்றாள். அலமாரிக் கதைகளில் வந்த அந்தச் சின்னப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். சொல்லிக்கொடுக்கச் சொன்ன வேலையைச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க எனக்கு வராது. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்துவிட்டு, அவள் எவ்வளவு வேகமாகக் கற்கிறாள் என்று பயந்தேன்.

பிள்ளை திருடி

கதையின் முதல் பாகம் அச்சுக்குப் போகுமுன் இன்னொரு சிக்கல் வந்தது. அசலில் நடப்பது இதுதான். சுடர்க்கொடி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். அவள் பிள்ளைக்கும் ஒளிச் சக்தி இருக்கும் என்று தெரிந்த வில்லன் நிழல் டாக்டர், ஆஸ்பத்திரியை வளைத்துக்கொள்கிறான். கட்டடம் இடிந்து விழும் நேரத்தில் அவள் பிள்ளை பெறுகிறாள். புகைக்குள்ளிருந்து பிள்ளையோடு வெளியே வருகிறாள். பின்னாலிருந்து நிழல் டாக்டர், “அந்தக் குழந்தை எனக்கு வேண்டும்!” என்று கத்துகிறான். தொடரும்.

பிரசவம் இரண்டு பக்கத்துக்கு வரையப்பட்டிருந்தது. அண்ணாச்சி அவற்றைத் தனியே எடுத்தார்.

“பிரசவத்தப் படம் போட்டு விக்கிற பொஸ்தகம் இல்ல இது. தூக்கிரு.”

“பிள்ள எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பாகளே அண்ணாச்சி?”

“ஆசுபத்திரின்னா பிள்ள இருக்காதா? யாரு கேக்கப்போறா? ஒட்டு.”

ஒட்டினோம். உடம்பு சரியில்லாமல் போர்வை போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன சுடர்க்கொடி, கையில் ஒரு பிள்ளையோடு வெளியே வந்தாள். “இனி இந்தக் குழந்தை என் பொறுப்பு” என்று நான் ஒரு வரி எழுதினேன். யாருடைய பிள்ளை என்று எழுதவில்லை.

காலண்டர் வேலைகளுக்கு நடுவே அச்சாகி வர இரண்டு மாதம் ஆயிற்று. புத்தகம் கடைக்குப் போன இரண்டாம் வாரம், கம்பம் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருந்த காதர் பாய் நேரில் வந்துவிட்டார். எங்கள் காமிக்ஸ் அதிகமாக விற்கும் கடை அது. வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“என்ன அண்ணாச்சி, நம்ம சுடர்க்கொடி எப்பருந்து பிள்ளை பிடிக்க ஆரம்பிச்சா?”

“என்ன பாய் சொல்றீக?”

“பயலுக பூரா வில்லன் பக்கம் சேந்துட்டானுக. பெத்த தகப்பன் பிள்ளையக் குடு, பிள்ளையக் குடுன்னு பின்னாடியே வாரான், இவ தூக்கிட்டு ஓடுறாளேங்குறானுக. போர்வை எதுக்குன்னு இப்பத்தான் தெரியுதாம். பிள்ளையத் திருடி ஒளிச்சு வைக்கத்தான் மொதப் பக்கத்துலருந்தே போத்திக்கிட்டுத் திரிஞ்சாளாம்.”

பாண்டி அண்ணன் பிரஷ்ஷை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் போட்ட போர்வைக்கு இப்படி ஒரு அர்த்தமா!”

“சிரிக்காத பாண்டி” என்றார் காதர் பாய். “கூடலூர்லருந்து ஜீப்பு ஓட்டுற ஒருத்தரு மகனுக்கு வாங்கிட்டுப் போனவரு. நேத்து வந்து கேக்குறாரு, பாய், அடுத்த பாகத்துல அந்த டாக்டரு பிள்ளையத் திரும்ப வாங்கிருவாரா, மனசு கேக்கலன்னு.”

அண்ணாச்சி முகம் இறுகிவிட்டது. இரண்டாம் பாகம் மேசையில் தயாராகக் கிடந்தது. அதில் பிள்ளையின் உள்ளங்கையிலிருந்து ஒளி வருகிறது. தாயின் ஒளியும் பிள்ளையின் ஒளியும் சேர்ந்துதான் வில்லனை வீழ்த்துகின்றன. சுடர்க்கொடி அந்தப் பிள்ளையின் தாய் என்பது தெரியாவிட்டால் ஒரு பக்கமும் நிற்காது.

“நீ எழுதுன கதை. நீயே சரி பண்ணிரு” என்றார் என்னிடம்.

நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. “சரி அண்ணாச்சி” என்றேன்.

“நீ போறதுக்குள்ள முடிச்சிரு.”

போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

முன்கதைச் சுருக்கம்

இரண்டாம் பாகம் என்றால் முதல் பக்கத்தில் முன்கதைச் சுருக்கம் போடுவது வழக்கம். அந்த ஒரு பக்கம் மட்டும் அமெரிக்காவிலிருந்து வராது. நாங்களே பழைய கட்டங்களை ஒட்டி, எழுதிச் சேர்ப்போம். மறுநாள் அண்ணாச்சியிடம் போனேன். ரேவதியும் பாண்டி அண்ணனும் இருந்தார்கள்.

“ஒரே வழிதான் இருக்கு அண்ணாச்சி. முன்கதையில உண்மையப் போட்டுரணும். அவ உண்டாயிருந்தா, பெத்தா, அவ பிள்ள. எழுத்துல மட்டும் போட்டா நம்ப மாட்டாக. வயித்தோட ஒரு படம் வேணும்.”

“அதெல்லாம் முடியாதுத்தா. சின்னப் பயலுக பாக்குறது.”

நான் துப்பட்டாவை எடுத்து நாற்காலியின் முதுகில் போட்டேன். ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. அதை மறைக்க ஒரு துப்பட்டா போதாது என்று எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“நான் தெனமும் அல்லிநகரத்துலருந்து பஸ்ல வாரேன் அண்ணாச்சி. நீங்க சொல்ற அதே பயலுகதான் எந்திரிச்சு எடம் குடுக்குறானுக. ஒருத்தனும் கெட்டுப்போகல.”

ரேவதி கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருத்தா” என்றார் அண்ணாச்சி. “எங்களுக்குத் தெரியாதா? பாண்டி நாலாம் மாசமே சொல்லிட்டான். நீயா சொல்லுவன்னு இருந்தேன்.”

“அதுனாலதான் ரேவதியா?”

“பின்ன? நீ பெத்துட்டு வார வரைக்கும் பொஸ்தகம் நிக்குமா?”

“வந்த பெறகு?”

“வா, பாத்துக்குவோம்.”

முருகேஸ்வரி அக்காவிடம் சொன்னதைவிட இது குறைவான வாக்குறுதி. அதனாலேயே கொஞ்சம் நம்பலாமோ என்று தோன்றியது. விடாமல் கேட்டேன். “பக்கத்த கூடலூருக்கு அனுப்புங்க அண்ணாச்சி. நான் எழுதி அனுப்புறேன். அடிக்கிறதும் ஒட்டுறதும் ரேவதி பாத்துக்கட்டும்.” அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார். “சரி. குமுளி பஸ்ல கண்டக்டர்ட்டப் பொட்டலமா குடுத்து விடுறேன். கூடலூர் பஸ் ஸ்டாண்டுல ஆள வச்சு வாங்கிக்க.”

படத்துக்கும் சேர்த்துத் தலையாட்டினார். ஆனால் படம் இல்லை. பாண்டி அண்ணன் போட்ட மை எல்லாம் அசல் பிரதியின் மேலேயே ஏறியிருந்தது. பிளேடால் சுரண்டிப் பார்த்தார், தாள் கிழிந்தது. தூக்கிவைத்த இரண்டு பக்கங்களையும் அண்ணாச்சி தர மறுத்துவிட்டார். வயிற்றைப் புதிதாக வரைவது ஒன்றுதான் வழி.

“தங்கச்சி, கொஞ்சம் அங்கன நில்லு” என்றார் பாண்டி அண்ணன்.

“நான் எதுக்குண்ணே?”

“அந்த வெள்ளக்காரன் வயித்துல பந்தக் கட்டிவிட்ட மாதிரில்ல போட்டிருந்தான். நீ நிக்கையில ஒரு கைய இடுப்புக்குப் பின்னாடி குடுத்து, கால அகட்டி வச்சு நிக்கிற. அப்படிப் போட்டாத்தான் பாக்குறவனுக்குப் பாரம் தெரியும்.”

“கண்ணு படும்னீகளே?”

“படாது. அதுக்கும் ஒண்ணு பண்ணுறேன்.”

அவர் வரைந்து முடித்தபோது சுடர்க்கொடி என்னைப் போலவே நின்றாள். முகமூடி அப்படியே இருந்தது, போர்வை முதுகுக்குத் திரும்பியிருந்தது. ஒரு கை இடுப்பில், மறு கை வயிற்றில். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கண்ணாடி வளையல்.

“பாண்டி, அமெரிக்காக்காரிக்கு வளையலா?” என்றார் அண்ணாச்சி.

“பின்ன மொட்டக் கையோடயா விடச் சொல்றீக? ஏழாம் மாசம் அண்ணாச்சி!” சுடர்க்கொடிக்கு நிறைமாதம். ஏழாம் மாதம் எனக்குத்தான்.

கீழே நான் எழுதினேன்: ‘சுடர்க்கொடி கருவுற்றிருந்தாள். இடியும் ஆஸ்பத்திரிக்குள் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் சக்தியைக் கவர நிழல் டாக்டர் துரத்துகிறான்.’ ஒட்டி அனுப்பினோம். எந்த வார்டனும் புத்தகத்தைத் திருப்பி அனுப்பவில்லை. காதர் பாய் போன் செய்து, “பயலுக நம்ம பக்கம் வந்துட்டானுக. அந்த ஜீப்புக்காரருக்குத்தான் டாக்டரு மேல இன்னும் கொஞ்சம் பாவமா இருக்காம்” என்றார்.

வராத பொட்டலம்

வளைகாப்பு முடிந்து கூடலூர் போனேன். பொட்டலங்கள் வந்தன. எழுதி அனுப்பினேன். மகள் பிறந்தாள். அவள் பிறந்து முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுத் தீட்டுக் கழிக்கும் வரை யாரும் வேலை அனுப்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதன் பிறகும் ஒன்றும் வரவில்லை.

“பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனியாம்மா? பொட்டலம் எதுவும் வந்துச்சா?” என்று அம்மாவிடம் கேட்பேன்.

“வரலடி. வந்தா குடுக்க மாட்டாகளா?” என்பார்.

பச்சை உடம்புக்காரி தெருவில் இறங்கக் கூடாது, போன் பூத் தெருமுனையில் இருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் ரேவதி என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். பாண்டி அண்ணனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ரேவதியின் அந்த ‘விடாம படிக்கிறேன்க்கா’வில் அப்போதே ஏதோ இருந்தது என்றும் நினைத்தேன்.

மகளுக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது என் கணவர் வந்தார். மாமியார் வீட்டில் பிள்ளையைக் காட்டிவிட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லிக் கிளம்பினோம். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று பஸ் ஒவ்வொரு ஊராகத் தாண்டத் தாண்ட, அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியதை மனத்துக்குள் திருத்தித் திருத்தி எழுதினேன். தேனியில் இறங்கி நேராக அச்சகத்துக்குப் போனேன்.

ரேவதி என் நாற்காலியில்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். “அக்கா! எப்பக்கா வருவீக வருவீகன்னு இருந்தேன். இங்கன பாதி வசனம் எனக்குப் பிடிபடவே இல்ல.”

அண்ணாச்சி பிள்ளையைக் கையில் வாங்கினார். நான் திருத்தி வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. “ஏன் அண்ணாச்சி பொட்டலம் அனுப்பல?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். “ஏத்தா, ஒனக்குத் தெரியாதா? ஒங்க அம்மாதான போன் பண்ணி நிப்பாட்டச் சொன்னாக.”

“எங்க அம்மாவா?”

“பச்ச ஒடம்புக்காரி பொடி எழுத்தப் படிச்சா கண்ணு போயிரும், ஒங்க வீட்டுலயும் பொம்பளப் பிள்ள இருக்கும்ல, இனிமே அனுப்பாதீகன்னாக. நான் என்னத்தச் சொல்ல? சரிங்கம்மான்னு வச்சிட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே அண்ணாச்சி?”

“அம்மா சொன்னா நீ சொன்ன மாதிரிதான?”

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் இத்தனை நாள் சந்தேகப்பட்ட ஆள் இவர் இல்லை.

ரேவதி, “இது சரியா இருக்கான்னு மட்டும் பாருங்கக்கா” என்று ஒரு பக்கத்தை நீட்டினாள். சுடர்க்கொடி கதையின் அடுத்த தொடர். வில்லன் தோற்று வெகு நாளாகிவிட்டது. கூட்டத்தின் தலைவர், அவளை வளர்த்து ஆளாக்கியவர், அவள் தோளில் கை வைத்துப் பேசுகிறார். ‘இனி நீ ஓய்வெடு. குழந்தைக்கு நீ வேண்டும். இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.’ அவள் தலை குனிகிறாள்.

மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருந்தது. நின்றபடியே அதை இரண்டு முறை படித்தேன். அலமாரியில் நான் பார்த்த அத்தனை பேரையும் யோசித்துப் பார்த்தேன். கண்ணாடி அறையில் பூட்டியது யார், நினைவை அழித்தது யார், ஓய்வெடுக்கச் சொன்னது யார்? வில்லன்கள் அவர்களோடு சண்டைதான் போட்டார்கள். வேலையிலிருந்து இறக்கியவர்கள் எல்லோரும் அவர்கள்மேல் அன்பு வைத்தவர்கள். ஒருவர்கூட அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டுச் செய்யவில்லை.

வசனத்தை மாற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றவில்லை. கதையில் இருப்பதை மறைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தாயிற்று.

“இது சரியா இருக்கு ரேவதி. ஒட்டிரு” என்றேன். பிறகு அண்ணாச்சியிடம், “அடுத்த கதையக் குடுங்க அண்ணாச்சி, கையோட கொண்டு போறேன். வேலைய நிப்பாட்டணும்னா நான் சொல்லுவேன். வேற யாரு சொன்னாலும், எங்க அம்மாவே சொன்னாலும், என்கிட்டக் கேளுங்க” என்றேன்.

“சரித்தா” என்றார். என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. கதையைக் கொடுத்தார்.

கூடலூரில் அம்மா வாசலிலேயே பொட்டலத்தைப் பார்த்துவிட்டார்.

“அது என்ன கையில?”

“வேலைம்மா.”

“நான்தான்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“தெரியும். அண்ணாச்சி சொன்னாக.”

அம்மா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். “கண்ணு போனா யாருடி பாக்குறது? ஒனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியாதும்மா” என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. “கண்ணு வலிச்சா நானே நிப்பாட்டுறேன். என்கிட்டச் சொல்லாம போன் பண்ணாதம்மா.”

அம்மா பிள்ளையோடு உள்ளே போனார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை நான் பொட்டலத்தைப் பிரித்தபோது வந்து, நான் உட்கார்ந்திருந்த பாயை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். “இங்கன ஒக்காந்து படி. அங்கன இருட்டு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதன்பின் அச்சகத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது. நானும் ரேவதியும் கதைகளைப் பிரித்துக்கொண்டோம். என் சந்தேகம் மட்டும் போகவில்லை. அதற்கு ஒரு உபயோகம் இருப்பதாக இப்போது நினைக்கிறேன். பெண்கள் வரும் கதை எது கையில் கிடைத்தாலும் வில்லன் யார் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அவளுக்காக யார் முடிவெடுக்கிறார்கள், அவளைக் கேட்டார்களா என்று பார்ப்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்.

போன மாதம் ரேவதி என் பக்கம் நாற்காலியை நகர்த்தி, “அக்கா, எனக்கு மூணு மாசம். மொதல்ல ஒங்ககிட்டத்தான் சொல்றேன்” என்றாள். ‘நீ ஓய்வெடு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதுதான் என் வாய்க்கு முதலில் வந்தது. உண்மையான அன்போடுதான் வந்தது. விழுங்கிக்கொண்டேன். வந்திருந்த புதிய கதைகளை அவள் முன்னால் வைத்து, “ஒனக்கு எது வேணும்?” என்று கேட்டேன்.

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கனமான ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“இதுதான்க்கா. இதுல ரெண்டு பாகம் இருக்கு.”